நட்டம் என்று தெரிந்தும் முறியும் ஒப்பந்தங்கள்

டெக்சாஸின் தென்கோடியில் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் இருந்த சர்க்கரை ஆலை 2024 பிப்ரவரியில் மூடப்பட்டது. மாநிலத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆலை அது. கரும்புக்குப் பாய்ச்சத் தண்ணீர் போதவில்லை என்பதுதான் காரணம். அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி மெக்சிகோ தர வேண்டியது. 1944-ல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, மெக்சிகோ தன் பக்கத்து ஆறு கிளையாறுகளிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 3.5 லட்சம் ஏக்கர்-அடி விட வேண்டும். நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 15 டிஎம்சி. பாக்கியைத் தீர்க்க ஐந்தாண்டுத் தவணை. பதிலுக்கு அமெரிக்கா கொலராடோ ஆற்றிலிருந்து ஆண்டுதோறும் 15 லட்சம் ஏக்கர்-அடி, அதாவது 65 டிஎம்சி, மெக்சிகோவுக்கு விடுகிறது. 2025 அக்டோபரில் முடிந்த தவணையில் மெக்சிகோ பாக்கி வைத்தது. பாக்கி விழும் என்று முன்பே தெரிந்ததால் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே டிரம்ப் வரி போடப்போவதாக மிரட்டியிருந்தார்.

டாலஸ் அருகே காப்பெலில் எங்கள் குழாயில் வரும் தண்ணீருக்கும் ரியோ கிராண்டேவுக்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் தமிழர் காதில் இந்தச் செய்தி காவிரியாகத்தான் விழும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் 177.25 டிஎம்சி விட வேண்டும் என்று தீர்த்துச் சொன்ன பிறகும், மழை பொய்க்கும் ஆண்டில் எப்படிப் பங்கிடுவது என்ற இடத்தில்தான் மறுபடி மறுபடி முட்டிக்கொள்கிறது. 1944 உடன்படிக்கையிலும் அதே ஓட்டை. 'அசாதாரண வறட்சி' வந்தால் பாக்கியை அடுத்த தவணைக்குத் தள்ளலாம் என்கிறது. எது அசாதாரணம் என்று சொல்லவில்லை. எழுதியவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. அதைத் தெளிவாக எழுதியிருந்தால் கையெழுத்தே விழுந்திருக்காது என்று கொள்வதற்கு இடமுண்டு.

இப்படி யோசிப்பதற்குத்தான் சர்வதேச உறவுகள் துறையில் பகுத்தறிவுத் தேர்வுக் கோட்பாடு என்று பெயர். அரசோ, தலைவரோ, இயக்கமோ, ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கம் இருக்கிறது; எது அதிகம் வேண்டும், எது குறைவாக வேண்டும் என்று வரிசைப்படுத்த முடிகிறது; கையில் இருக்கும் தகவலை வைத்து, எதிராளி என்ன செய்வார் என்று கணித்து, தன் நோக்கத்துக்குத் தோதான வழியை எடுக்கிறார். அவ்வளவுதான் அனுமானம். நோக்கம் நல்லது என்றோ, ஆள் புத்திசாலி என்றோ அது சொல்வதில்லை. கொடுங்கோலனும் இந்தக் கணக்குக்குள் வருவான்.

இந்த நூற்றைம்பது வருடத்துப் பொருளியல் பழக்கம் போருக்குள் நுழைந்ததற்கு, அந்தத் தண்ணீர் உடன்படிக்கை கையெழுத்தான அதே 1944-ல் ஃபான் நாய்மானும் மோர்கன்ஸ்டெர்னும் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூல் அடிக்கல். அணு ஆயுதக் காலத்தில் தாமஸ் ஷெல்லிங் அதை மிரட்டலுக்கும் பேரத்துக்கும் திருப்பினார். 1960-ல் வந்த அவருடைய 'மோதலின் உத்தி' சமன்பாடு குறைவாகவும் சூட்சுமம் அதிகமாகவும் உள்ள புத்தகம். 2005-ல் நோபல் பரிசும் வந்தது. 1981-ல் புரூஸ் புவேனோ டி மெஸ்கிட்டா 'போர்ப் பொறி'யில், தன் பலம், எதிரியின் பலம், மூன்றாம் நாடுகள் யார் பக்கம் சாயும் என்பதையெல்லாம் கூட்டிக் கழித்து, லாபம் தெரிந்தால்தான் ஒரு நாடு போரைத் தொடங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். வலியறிதல் அதிகாரத்தின் முதல் குறளில் வள்ளுவர் அரசனுக்குத் தரும் சரிபார்ப்புப் பட்டியலும் ஏறக்குறைய இதுவே. எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது என்று சொல்ல வரவில்லை. எடை போடச் சொன்னது பழைய யோசனை. எடை போட்ட பிறகும் இரண்டு பேருமே ஏன் தோற்கிறார்கள் என்று கேட்டதுதான் புதிது.

அந்தக் கேள்வியைக் கூர்மையாக வைத்தவர் ஜேம்ஸ் ஃபியரன். பின்னாளில் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியரானவர். 1995-ல் வந்த அவருடைய கட்டுரையை இன்றைக்கும் முதலாண்டு மாணவர்கள் படித்தே ஆக வேண்டும். சொத்துக்காக வழக்காடும் பங்காளிகள் இருவரும் வக்கீலுக்குக் கொடுத்தே பாதி நிலத்தை இழப்பார்கள். தீர்ப்பு எப்படி வரும் என்று ஊகித்து, அந்த விகிதத்தில் முதலிலேயே பிரித்துக்கொண்டால் இருவருக்கும் மிச்சம். போரும் அப்படியே. உயிரும் பொருளும் போவதால், போருக்குப் பிறகு கிடைப்பதைவிடக் கூடுதலாக இரு தரப்புக்கும் தரக்கூடிய ஒரு பேரம் எப்போதும் இருந்தே தீரும். பிறகு ஏன் அது படிவதில்லை? ஃபியரன் மூன்று காரணம் சொன்னார். தன் பலமும் உறுதியும் தனக்கு மட்டுமே தெரியும், அதைப் பற்றிப் பொய் சொல்வதில் லாபமும் உண்டு. இன்று கொடுத்த வாக்கை நாளை காப்பாற்றுவேன் என்று எதிராளியை நம்பவைக்க வழி இல்லை. பங்கிட முடியாத பொருள் என்று சில உண்டு. மூன்றாவதை அவரே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலாவது, போர் தொடங்குவதை நன்றாக விளக்குகிறது. ஆனால் சண்டை நீள நீள எவன் பலம் எவ்வளவு என்று ஊருக்கே தெரிந்துவிடுமே, அப்புறமும் இலங்கைப் போர் ஏன் 26 ஆண்டு நடந்தது? அதற்கு இரண்டாவது காரணம்தான் வேண்டும். அதை வாக்குறுதிச் சிக்கல் என்று அழைக்கலாம். இந்தக் கோட்பாடு தமிழர்களுக்கு எதையாவது விளக்குகிறது என்றால் அதை இந்த ஒற்றை யோசனையை வைத்தே விளக்குகிறது என்பது என் அபிப்பிராயம்.

இலங்கை இந்தத் துறைக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சோதனைக்களம். 1972-ல் அல்வின் ரபுஷ்காவும் கென்னத் ஷெப்ஸ்லியும் பன்மைச் சமூகங்களின் அரசியல் பற்றி எழுதிய நூலில் சிலோன் ஓர் உதாரணம். தேர்தலில் இனம் ஒரு முறை முதன்மைப் பிரச்சினையாகிவிட்டால், நடுவில் நிற்கும் கட்சி நிலைக்காது. அதே இனத்துக்குள் இன்னொரு கட்சி அதைவிடக் கூடுதலாகக் கேட்டு வாக்கைத் தட்டிக்கொண்டு போகும். ஏலப்போட்டி. 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சியின் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தார்கள். அக்டோபரில் எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்த்தனா அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பினார். 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள், ஒப்பந்தம் கிழிந்தது. 1965-ல் ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்கா அதே செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தபோது, எதிர்த்துத் தெருவில் இறங்கியது பண்டாரநாயக்கா தொடங்கிய கட்சி. ஆட்கள் இடம் மாறினார்கள், நகர்வு மாறவில்லை. தலைவர்களின் நல்லெண்ணம், கெட்டெண்ணம் பற்றி எவ்வளவு பேசினாலும் இந்த ஒழுங்கை விளக்க முடியாது. இந்த மாதிரி இடங்களில் கோட்பாடு நிஜமாகவே பளிச்சிடுகிறது.

ஏலப்போட்டி ஒப்பந்தங்களை முறித்தது என்றால், ஆயுதம் வந்த பிறகு வேறு தடை வந்தது. உள்நாட்டுப் போர்கள் பேச்சுவார்த்தையில் முடிவது ஏன் அரிது என்று 1997-ல் பார்பரா வால்டர் ஆராய்ந்தார். அவர் கண்டது, சிக்கல் எதைக் கொடுப்பது என்பதில் இல்லை. ஆயுதத்தைக் கீழே வைப்பதில் இருக்கிறது. நாடுகளுக்கு இடையிலான போர் முடிந்தால் இரண்டு படைகளும் தத்தம் எல்லைக்குத் திரும்பும். உள்நாட்டுப் போரில் ஒரு தரப்பு ஆயுதத்தை ஒப்படைத்தாக வேண்டும். ஒப்படைத்த மறுநாள் அரசு வாக்கு மாறினால் கேட்க ஆளில்லை. ஆகவே வெளியிலிருந்து ஒரு காவலன் உத்தரவாதம் தந்தால் மட்டுமே ஒப்பந்தம் நிற்கும் என்பது அவர் முடிவு.

1987 ஜூலை 29 ஒப்பந்தத்தைப் படிப்பவருக்கு, வால்டர் அதைப் பார்த்துத்தான் எழுதினாரோ என்று தோன்றும். ராஜீவும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்டார்கள், புலிகள் கையெழுத்திடவில்லை. ஆயுத ஒப்படைப்பு ஆகஸ்ட் 5-ல் பலாலியில் பெயருக்கு நடந்தது. காவலனாக வந்தது இந்திய அமைதிப்படை. அக்டோபர் 10-க்குள் காவலனுக்கும் காக்கப்பட வேண்டியவனுக்கும் போர். இந்தியா ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்து 1990 மார்ச்சில் திரும்பியது. இடையில் பிரேமதாசா அரசு, இந்தியப் படையை வெளியேற்ற, தன் எதிரியான புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தது. வால்டரின் வாதம் இங்கே பாதி வெல்கிறது, பாதி தோற்கிறது. ஆயுதக் களைவுதான் உடைப்பு விழும் இடம் என்பது சரி. காவலன் நடுநிலையானவன் என்று கொண்டால் சரிவராது. ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகம், எண்ணெய்க் குதங்கள், வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையம் எல்லாம் வருகின்றன. இந்தியாவுக்குத் தன் சொந்தக் கணக்கு இருந்தது, அது எழுத்திலேயே இருந்தது. ஆட்டத்தில் மூன்றாவது ஆட்டக்காரரை நடுவர் என்று எழுதிக்கொண்டால் விடை தப்பாமல் என்ன செய்யும்?

2002 பிப்ரவரி 22-ல் நார்வே முயற்சியில் வந்த போர்நிறுத்தம் இந்தப் பாடத்தைக் கற்றதுபோல இருந்தது. ஆயுதத்தை யாரும் கீழே வைக்க வேண்டாம்; எல்லைக்கோடு போட்டுக்கொண்டு இருவரும் அவரவர் இடத்தில் இருக்கலாம். 2000-ல் ஆனையிறவு முகாமின் வீழ்ச்சியும் 2001 ஜூலையில் கட்டுநாயக்கா விமான நிலையத் தாக்குதலும் உண்டாக்கிய சமநிலை அதைத் தாங்கியது. சமநிலை நகர்ந்தால்? பெர்க்லியில் இருந்த ராபர்ட் பவல் 2006-ல் எழுதியது சரியாக இதைப் பற்றி. ஒரு தரப்பின் பலம் வேகமாக வளரப்போகிறது என்று இரு தரப்புக்கும் தெரிந்தால், வளரப்போகிறவர் "நாளைக்கு இன்னும் கேட்க மாட்டேன்" என்று எவ்வளவு சத்தியம் செய்தாலும் செல்லாது. தேய்கிறவருக்கு இன்றே சண்டை போடத் தோன்றும். 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தார். 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்தது. 2001 செப்டம்பருக்குப் பிறகு உலகம் ஆயுத இயக்கங்களைப் பார்க்கும் பார்வையே வேறு. தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கொழும்பிலும் தெரிந்தது, கிளிநொச்சியிலும் தெரிந்தது. 2008 ஜனவரியில் அரசு போர்நிறுத்தத்திலிருந்து அதிகாரபூர்வமாக விலகியபோது காகிதம்தான் மிச்சமிருந்தது.

இந்தக் கதையில் கோட்பாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டிய ஓர் இடம், 2005 நவம்பர் அதிபர் தேர்தல். ராஜபக்ச ரணிலை வென்ற வித்தியாசம் சுமார் 1.8 லட்சம் வாக்கு. புலிகளின் புறக்கணிப்பால் வடக்கில் பெரும்பாலானோர் வாக்களிக்கவில்லை. கடும்போக்காளர் வந்தால் உலகம் நம் பக்கம் திரும்பும், ரணில் வந்தால் பேச்சுவார்த்தை வலையில் நாம் கரைந்துபோவோம் என்று கணக்குப் போட்டார்கள் என ஒரு விளக்கம் உண்டு. இருக்கலாம். ஆனால் வாக்களிக்கச் சொல்லியிருந்தால் அதற்கும் இதேபோல ஒரு கணக்கை நாம் எழுதியிருப்போம். எது நடந்தாலும் நடந்த பிறகு அதற்கு ஒரு பகுத்தறிவு கண்டுபிடிக்க முடியும் என்றால் அது கோட்பாடு அல்ல, வக்காலத்து. 1994-ல் டொனால்ட் கிரீனும் இயன் ஷபிரோவும் எழுப்பிய குற்றச்சாட்டின் சாரம் இதுதான். அவர்கள் பேசியது பெரும்பாலும் அமெரிக்க அரசியல் பற்றி. அடி எல்லாருக்கும் பட்டது. ஸ்டீபன் வால்ட் 1999-ல் இன்னும் முகத்துக்கு நேராகக் கேட்டார்: இவ்வளவு கணிதத்துக்குப் பிறகு நீங்கள் புதிதாகக் கண்டது என்ன? அடுத்த ஆண்டு 'பெரஸ்த்ரோய்க்கா' என்ற புனைபெயரில் கிளம்பிய ஒரு மின்னஞ்சல், அமெரிக்க அரசியலறிவியல் சங்கத்துக்குள்ளேயே கலகத்தைக் கிளப்பியது.

ராபர்ட் பேப்பின் தற்கொலைத் தாக்குதல் ஆய்வு இந்த வரிசையில் தனியாகக் குறிப்பிடத்தக்கது. 1980 முதல் 2003 வரை அவர் எண்ணிய 315 தாக்குதல்களில் 76 புலிகளுடையவை. மதவெறி இதற்குக் காரணம் இல்லை, ஜனநாயக அரசை ஓரிடத்திலிருந்து விலக வைக்கும் உத்தி இது என்றார். புலிகள் மதச்சார்பற்ற இயக்கம் என்பது அவர் வாதத்துக்குப் பெரிய பலம். தாக்குதல் நடந்த இடங்களை மட்டும் எண்ணி, நடக்காத இடங்களோடு ஒப்பிடாமல் காரணம் சொல்ல முடியாது என்று பிறகு வந்த விமர்சனம் எளிதில் தள்ள முடியாதது.

புலம்பெயர்ந்தோரையும் இந்தக் கணக்கில் சேர்த்தவர்கள் உண்டு. பால் கோலியரும் ஆங்கே ஹெஃப்லரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், போர் முடிந்த நாட்டுக்கு அமெரிக்காவில் பெரிய புலம்பெயர் சமூகம் இருந்தால் போர் திரும்பும் ஆபத்து கூடுகிறது என்றார்கள். தர்க்கம் எளிது: பணம் அனுப்புபவர் குண்டு விழும் இடத்தில் இல்லை. செலவின் பெரும்பங்கு வேறொருவர் தலையில். இதைப் படித்தால் இங்குள்ள தமிழனுக்குச் சுருக்கென்று படும், படவும் வேண்டும். ஆனால் அளவுகோலைக் கவனியுங்கள். தரவு கிடைத்தது அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் என்பதால் அமெரிக்காவை அளந்தார்கள். ஈழத்தமிழர் பெருவாரியாகப் போனது டொரண்டோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும். தவிர, ஊரை விட்டு ஓடி வந்தவர் பணம் அனுப்புவதற்குப் போரை நீட்டும் ஆசை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. உள்ளூர்ச் சங்க வற்புறுத்தல், அண்ணன் அங்கே இருக்கிறான் என்ற பயம், குற்றவுணர்ச்சி, இவை எல்லாம் ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடுகின்றன. அமெரிக்கா 1997 அக்டோபரில் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்ததும், உதவி என்றால் பயிற்சியும் ஆலோசனையும்கூட அடங்கும் என்று 2010-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்த ஆட்டத்தின் விலைப்பட்டியலையே மாற்றின.

டெக்சாஸ் பல்கலைக்கழகங்கள் இந்தத் துறையில் பின்தங்கியவை அல்ல. காப்பெலிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய டென்டனில், வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், பால் ஹென்சல் நிலம், கடல், ஆறு பற்றிய நாடுகளின் உரிமைக் கோரிக்கைகளைத் தொகுத்துவருகிறார். ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்து ஆஷ்லி லீட்ஸ் கூட்டணிகளைத் தொகுப்பவர். கூட்டணி நாடுகள் நெருக்கடியில் கைவிடும், நான்கில் ஒன்றுதான் வாக்குக் காக்கும் என்பது முன்பிருந்த நம்பிக்கை. லீட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2000-ல் ஒவ்வொரு ஒப்பந்தத்தின் வாசகத்தையும் எடுத்து, என்ன வாக்களித்தார்கள், எந்த நிபந்தனையில் வாக்களித்தார்கள் என்று பார்த்தார்கள். 74.5 சதவீதம் வாக்குக் காக்கப்பட்டிருந்தது. காரணம் அறம் அல்ல. காப்பாற்ற முடியாததை எழுதுவதில்லை என்ற எச்சரிக்கை. கணிதம் எதுவுமின்றி, வாசகத்தை நிதானமாகப் படித்தே வந்த இந்தக் கண்டுபிடிப்பு பல சமன்பாடுகளைவிட எனக்குப் பெரிது.

மிரட்டல் பற்றி இந்தக் கோட்பாடு சொன்னது அவ்வளவு நன்றாகத் தாக்குப்பிடிக்கவில்லை. பகிரங்கமாக மிரட்டிவிட்டுப் பின்வாங்கும் தலைவரை உள்நாட்டு மக்கள் தண்டிப்பார்கள், ஆகவே ஜனநாயகத் தலைவரின் மிரட்டலுக்கு எடை உண்டு என்று ஃபியரன் 1994-ல் எழுதியிருந்தார். வரலாற்றாய்வாளர்கள் பழைய நெருக்கடிகளைத் துருவியபோது அப்படிப்பட்ட தண்டனை அரிதாகவே தென்பட்டது. வரி போடுவேன், ஒத்திவைத்தேன், மறுபடி போடுவேன் என்று 2025 முழுக்கப் பார்த்த டெக்சாஸ்காரருக்கு இதற்கு ஆய்வு வேண்டியதில்லை. ரியோ கிராண்டே விஷயத்தில் மிரட்டலுக்குப் பிறகு கொஞ்சம் தண்ணீர் வந்தது என்பதும் உண்மை. அது மிரட்டலுக்கு வந்ததா, மெக்சிகோவுக்குக் கொலராடோ தண்ணீர் வேண்டும் என்பதற்கு வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

உளவியல் பக்கத்திலிருந்து வந்த விமர்சனம் வேறு ரகம். ராபர்ட் ஜெர்விஸ் 1976-லேயே, தலைவர்கள் எதிராளியைத் தப்பாகப் படிப்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று காட்டினார். கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-ல், கிடைக்கப்போவதன் மகிழ்ச்சியைவிட இழக்கப்போவதன் வலி மனிதருக்குப் பெரிதாகத் தெரிகிறது என்று சோதித்துச் சொன்னார்கள். கச்சத்தீவு இன்றும் மேடையேறுவது இதனால்தானோ என்னவோ. 1974-ல் இலங்கைக்குப் போனது ஒரு சிறு தீவு, மீனவர் பிரச்சினையின் பெரும்பகுதி இழுவை மடி பற்றியது. அலெக்சாண்டர் வெண்ட் அடிமடியிலேயே கை வைத்தார்: நாடுகள் என்ன வேண்டும் என்று விரும்புகின்றன என்பதை நீங்கள் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறீர்கள், அந்த விருப்பமே உறவுகளில்தானே உருவாகிறது? 2023-ல் மியர்ஷைமரும் ரொசாட்டோவும் பகுத்தறிவு என்பது கூட்டல் கணக்கு அல்ல, நம்பகமான கோட்பாட்டின் அடிப்படையில் விவாதித்து முடிவெடுப்பது என்று வேறு வரையறை கொடுத்து, உக்ரைன் மீதான படையெடுப்பும் அந்த வகையில் பகுத்தறிவானதே என்றார்கள். பலருக்கு இது ஜீரணமாகவில்லை.

எனக்கு இவற்றைவிடப் பெரிய குறையாகப் படுவது வேறு: ஆட்டக்காரர் யார் என்பதைக் கோட்பாடு கேட்பதே இல்லை, முதல் வரியில் எழுதிவிட்டு மேலே போகிறது. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம், ஃபியரன் கேட்ட கேள்விக்கு அழகான பதில். பேரம் படிந்தது, போர் இல்லை, பங்கிட முடியாதது என்று தோன்றியதையும் எண்ணால் பங்கிட்டார்கள். நாடற்றவர்களாக இருந்த 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-ல் அந்த மிச்சத்தை இந்திராவும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். ஏன் சரிபாதி? பேசிக்கொள்ளாமலே இருவர் கண்ணிலும் படும் புள்ளியில் பேரம் போய் நிற்கும் என்று ஷெல்லிங் 1960-லேயே விளக்கிவிட்டார்.

அந்த ஒப்பந்தத்தில் தேயிலைத் தோட்டத்து மக்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. மாதிரியில் அவர்கள் பொருள், ஆட்டக்காரர் அல்ல. ஆனால் விண்ணப்பப் படிவம் என்று ஒன்று வந்தது. எந்தக் குடியுரிமை வேண்டும் என்று அவர்களே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தியாவுக்கு ஒதுக்கிய எண்ணிக்கையை விண்ணப்பங்கள் எட்டவில்லை. இலங்கைக்கு ஒதுக்கிய எண்ணிக்கையை வெகுவாகத் தாண்டின. அந்த விண்ணப்பங்கள் வந்த பிறகு, 1974-ல் மிச்சத்தைப் பிரித்தபோதும், முதல் ஒப்பந்தத்தின் எண்கள் மாறவில்லை.